அளவு ரவிக்கையும் அளவு நாடாவும்

(குரங்கணியில் தையல் பழகும் பெண்களும், ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் தொழிலாளத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் நாம் பேசியதின் சாரம்)



இன்று இங்கு நம்மைப் பேச அழைத்த தோழர்கள், "ஏதாவது பகுத்தறிவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றுதான் கேட்டார்கள். ஆனால் நாம் பேசப் போவது சட்டை வெட்டுவதைப் பற்றி. இதைக் கேட்டதும் உங்களில் சிலர் சிரிக்கிறீர்கள். கடவுளையும் சாஸ்திரத்தையும் ஒரு கை பார்ப்பார் என்று வந்த இடத்தில் கத்தரிக்கோலையும் காடாத் துணியையும் எடுத்துக் கொண்டு நிற்கிறாரே என்று நினைக்கலாம். நாம் சொல்லுகிறோம், பகுத்தறிவு என்பது மேடையில் மாத்திரம் இருக்கிற சங்கதியல்ல. நம் உடம்பின் மேல் கிடக்கிற துணி ஏன் இப்படி இருக்கிறது, யார் இதை இப்படி வெட்டச் சொன்னது, வேறு விதமாக வெட்டினால் என்ன கெட்டுப் போகும் என்று கேட்பதும் பகுத்தறிவுதான். அந்தக் கேள்வியைக் கேட்காதவன் கோவிலுக்குப் போகாமலிருந்து விட்டதனால் மாத்திரம் பகுத்தறிவுவாதியாகி விட மாட்டான்.

அளவு ரவிக்கை

தாய்மார்களே! நீங்கள் தையற்கடைக்குப் போகும்போது என்ன கொண்டு போகிறீர்கள்? புதுத் துணியையும், கூடவே ஒரு பழைய ரவிக்கையையும் கொண்டு போகிறீர்கள். அதற்கு "அளவு ரவிக்கை" என்று பெயர். தையற்காரரும் உங்கள் உடம்பைப் பார்ப்பதில்லை, நாடாவை எடுப்பதில்லை. பழைய ரவிக்கையை விரித்து வைத்து அதன் மேலேயே புதியதை வெட்டி விடுகிறார். அந்தப் பழைய ரவிக்கை எதைப் பார்த்து வெட்டப்பட்டது? அதற்கு முந்திய ரவிக்கையைப் பார்த்து. அது? அதற்கும் முந்தியதைப் பார்த்து. கடைசியாக உங்கள் உடம்பை ஒருவர் நாடா வைத்து அளந்தது எந்த வருஷம் என்று யோசித்துப் பாருங்கள். கல்யாணத்திற்கு முன்னால் அளந்ததாக இருக்கும். இப்போது இரண்டு பிள்ளை பெற்று, தோள் இறங்கி, இடுப்பு பெருத்து, ஆளே வேறாகியிருப்பீர்கள். ரவிக்கை மாத்திரம் அந்தப் பழைய பெண்ணுக்கே தைக்கப்பட்டு வருகிறது. கக்கத்தில் பிடிக்கிறது, முதுகில் இழுக்கிறது என்றால், "எனக்கு எப்போதும் அப்படித்தான்" என்று சொல்லிக் கொள்ளுகிறீர்கள்.

இதற்கும் சாஸ்திரத்திற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம். எப்போதோ யாரோ யாருக்கோ வெட்டியதை எடுத்து வைத்துக் கொண்டு, அதன் மேலேயே தலைமுறை தலைமுறையாக வெட்டிக் கொண்டு வந்து, பொருந்தவில்லை என்றால் சாஸ்திரத்தின் மேல் குற்றம் சொல்லாமல் மனிதன் மேல் குற்றம் சொல்லுகிறார்களே, அது இந்த அளவு ரவிக்கை வேலை அல்லாமல் வேறென்ன? நாடாவை எடுத்து உடம்பை அளந்து பார் என்று சொல்லுவதுதான் நம்முடைய பிரசாரம் எல்லாம்.

காஜாப் பையன் கண்டது

இதை நாம் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நாம் அதிகம் பள்ளிக்கூடம் போனவரல்ல. சிறு பையனாயிருந்தபோது ஒரு தையற்கடையில் காஜா எடுத்தும், பொத்தான் கட்டியும், டீ வாங்கி வந்தும் வயிறு கழுவினவர். அந்தக் கடை மாஸ்டர் தைப்பதை யாரும் பார்க்கலாம். வெட்டுவதை மாத்திரம் யாரும் பார்க்கக் கூடாது. மேஜையில் துணியை விரித்ததும் நம்மை டீக்கு அனுப்பி விடுவார். நாம் திரும்பி வரும்போது துணி துண்டு துண்டாக இருக்கும். "வெட்டு என்பது கைராசிடா, அது சொல்லிக் கொடுத்து வருவதில்லை" என்பார்.

அவரிடம் ஒரு அட்டை இருந்தது. காலர் வெட்டுகிற அட்டை. அவருடைய குருநாதர் கொடுத்தது. ஆயுத பூஜையன்று கத்தரிக்கும் மிஷினுக்கும் வைக்கிற மஞ்சளும் குங்குமமும் அந்த அட்டைக்கும் உண்டு. சில வருஷத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. சட்டை தைத்துக் கொண்டு போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, கழுத்துப் பொத்தான் போட முடியவில்லை என்றார்கள். மாஸ்டர் அவர்கள் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "உங்களுக்குக் கழுத்து பெருத்து விட்டது" என்று சொல்லி அனுப்பினார். அவர்களும் ஒப்புக் கொண்டு போனார்கள். ஊரில் இத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் கழுத்து பெருக்குமா என்று நமக்குச் சந்தேகம். அவர் இல்லாத வேளையில் அட்டையை எடுத்து நாடாவை வைத்துப் பார்த்தோம். அதன் மேல் எழுதியிருந்த அளவுக்கு அரை அங்குலம் குறைவாக இருந்தது. வருஷக் கணக்கில் சாக்பீஸ் உரசியும், குங்குமத் தண்ணீரில் ஊறியும் ஓரம் நைந்து தேய்ந்து போயிருந்தது. அவ்வளவுதான் ரகசியம். மாஸ்டரிடம் சொன்னோம். அவர் அட்டையை அளந்து பார்க்கவில்லை. நம் கன்னத்தில் ஒன்று வைத்தார்.

அன்றைக்குத்தான் நமக்கு இரண்டு விஷயம் விளங்கிற்று. ஒன்று, பூஜை செய்யப்பட்ட எந்த அளவும் தேய்ந்து போனாலும் தெரிவதில்லை. இரண்டாவது, வெட்டில் கைராசி ஒன்றுமில்லை, கணக்கு இருக்கிறது. மேஜைக்கடியில் விழுந்த வெட்டுத் துண்டுகளைப் பொறுக்கி இரவில் ஒட்டிப் பார்த்து நாம் வெட்டைக் கற்றுக் கொண்டோம்.

வெட்டு என்றால் என்ன?

நிற்க, அந்தக் கணக்கை இப்போது சொல்லி விடுகிறோம். மார்புச் சுற்று 34 அங்குலமுள்ள ஒரு பெண்ணுக்குச் சட்டை வெட்ட வேண்டும். 34க்கே தைத்தால் மூச்சு விட முடியாது. ஆகவே வேலைச் சட்டையானால் 6 அங்குலம் தளர்வு சேர்த்து 40 என்று வைத்துக் கொள்ளலாம். முன்பக்கம் பாதி, பின்பக்கம் பாதி. அந்தப் பாதியிலும் பாதியைத் தாளில் வரைந்து மடித்து வெட்டினால் போதும். 40ஐ 4ஆல் வகுத்தால் 10. அதற்கு மேல் தையலுக்கு விட வேண்டியது அரை அங்குலமோ முக்கால் அங்குலமோ. கழுத்து, தோள், கைக்குழி, இடுப்பு இவையும் இப்படியே அளந்து வகுத்துப் புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோட்டால் சேர்ப்பது. அந்தத் தாளுக்குத்தான் திருப்பூரில் "பேட்டர்ன்" என்றும், அதை வரைகிறவருக்கு "பேட்டர்ன் மாஸ்டர்" என்றும் பெயர். நாலாம் வகுப்பு வகுத்தல் தெரிந்த பெண் எவருக்கும் இது வரும்.

ஒரு அளவில் வரைந்த தாளை மற்ற அளவுகளுக்குப் பெருக்குவதும் குறைப்பதும் ஒரு தனி வித்தை போலப் பேசப்படும். அதற்கு "கிரேடிங்" என்று பெயர். அதுவும் உங்களுக்குத் தெரியாததல்ல. போடியில் ஏலக்காயைச் சல்லடையில் விட்டு 6 மில்லி, 7 மில்லி, 8 மில்லி என்று தரம் பிரிக்கிறீர்களே, அதேதான். காய் காயாக வேறுபட்டாலும் சில வரிசைக்குள் அடங்கும் என்கிற அறிவுதான் இரண்டுக்கும் ஆதாரம்.

இன்னொரு கணக்கையும் சொல்லுகிறோம். செவ்வாய்க்கிழமை புதுத் துணி வெட்டக் கூடாது, ராகு காலத்தில் கத்தரி வைக்கக் கூடாது என்கிற தையற்கடைகள் இன்னும் இருக்கின்றன. பருத்திப் பின்னல் துணி தண்ணீரில் நனைந்தால் சுருங்கும். நூற்றுக்கு 5 சுருங்குகிற துணியில், துவைத்த பிறகு 70 சென்டிமீட்டர் நீளம் நிற்க வேண்டுமானால், 70ஐ 0.95ஆல் வகுத்து 73.7க்கு வெட்ட வேண்டும். இந்தக் கணக்கைப் போடாதவன் நல்ல முகூர்த்தம் பார்த்து வெட்டினாலும் பனியன் குட்டையாகும். கணக்குப் போட்டவன் சரியான ராகு காலத்தில் வெட்டினாலும் அது தொப்புளுக்கு மேல் ஏறாது.

முதல் மாதிரி

சரி, தாளில் வரைந்தாகி விட்டது. உடனே நல்ல துணியில் வெட்டலாமா என்றால் கூடாது. இங்கேதான் இந்தத் தொழிலின் பெரிய நாணயம் இருக்கிறது. மலிவான காடாத் துணியில் ஒன்று வெட்டி, நூலோட்டமாகத் தைத்து, ஆளுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளில் முதல் மாதிரி, பொருத்தம் பார்க்கும் மாதிரி, எல்லா அளவுக்கும் ஒவ்வொரு மாதிரி, உற்பத்திக்கு முந்திய மாதிரி என்று படிப்படியாகச் செய்து, கடைசியாக ஒப்புக் கொண்ட மாதிரியை வைத்துக் கொண்டே ஆயிரக் கணக்கில் வெட்டுகிறார்கள். எதற்காக இவ்வளவும்? வரைந்தவன் எவ்வளவு கெட்டிக்காரனானாலும் அவன் தப்பு செய்திருப்பான் என்று முன்கூட்டியே ஒப்புக் கொண்டு, அந்தத் தப்பைத் தேடிப் பிடிப்பதற்காகத்தான்.

தோழர்களே! தப்பிருக்கும் என்று நம்பித் தேடுகிற தொழிலை நாம் மதிக்கிறோம். எந்த வேதமாவது முதலில் காடாத் துணியில் தைத்துப் போட்டுப் பார்க்கப்பட்டதா? நான்கு வருணம் என்று வெட்டினவன், அது நாலாம் வருணத்தானுக்குக் கக்கத்தில் பிடிக்கிறதா என்று ஒரு நாளாவது கேட்டானா?

மாதிரியில் தப்புக் கண்டால் எதைத் திருத்துவது என்பது அடுத்த விஷயம். துணியில் மாத்திரம் பிரித்துத் தைத்து விட்டால் ஒரு சட்டை திருந்தும். தாளில் திருத்தினால் ஆயிரம் சட்டை திருந்தும். ஆகவே போட்டுப் பார்த்துச் சாக்பீஸால் அடையாளம் வைத்த ஒவ்வொன்றையும் தாளுக்குக் கொண்டு போய், மறுபடி வெட்டி, மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.

யாரை அளந்தார்கள்?

மேல்நாட்டிலும் வெட்டு வித்தை வெகு காலம் மாஸ்டர்களின் ரகசியமாகத்தான் இருந்தது. அங்குலம் குறித்த நாடா தையற்கடைக்குப் பொதுவாக வந்ததே 1800ஆம் வருஷத்தை ஒட்டித்தான். அதற்கு முன் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு காகிதப் பட்டையை வைத்துக் கொண்டு, தோளுக்கு ஒரு வெட்டு, கைக்கு ஒரு வெட்டு என்று அடையாளம் போட்டு வைத்தார்கள். அந்தப் பட்டை அந்த ஆளுக்கு மாத்திரம்தான் உதவும். நாடாவில் எண் வந்த பிறகுதான் ஒருவர் உடம்பை மற்றொருவர் உடம்போடு ஒப்பிட்டுக் கணக்குப் பார்க்க முடிந்தது. அமெரிக்காவில் பட்டரிக் என்கிற ஒரு தையற்காரர் 1863இல் பல அளவுகளில் தாளில் வெட்டிய மாதிரிகளை விலைக்கு விற்கத் தொடங்கினார். முதலில் ஆண்கள், பையன்கள் சட்டை. பிறகு பெண்கள் உடை. பூட்டி வைத்திருந்த ரகசியம் தபாலில் வீட்டுக்கு வந்தது. மாஸ்டரிடம் கை கட்டி நிற்காமலே வீட்டுப் பெண் வெட்டக் கற்றுக் கொண்டாள்.

ஆனால் அளவு என்றவுடனே அது நியாயமாகத்தான் இருக்கும் என்று ஏமாந்து விடக் கூடாது. யாரை அளந்தது என்று கேட்க வேண்டும். 1939, 1940ஆம் வருஷங்களில் அமெரிக்க அரசாங்கத்தின் விவசாய இலாகா, பெண்களுக்கு ஆயத்த உடை அளவு வகுப்பதற்காகச் சுமார் 15,000 பெண்களை, ஆளுக்கு 59 அளவு வீதம் அளந்து, 1941இல் புத்தகமாக வெளியிட்டது. பிரமாதமான வேலை. ஆனால் வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகளைக் கணக்கில் சேர்க்காமல் தள்ளி விட்டார்கள். நாடாவுக்கு நிறம் தெரியாது. நாடாவைப் பிடித்த கைக்குத் தெரிந்திருந்தது.

நம் தேசத்திலோ நமக்கென்று ஒரு அளவு வரிசையே இல்லாமல் மேல்நாட்டு அளவுகளையே வைத்துக் காலம் தள்ளினார்கள். 2018இல் மத்திய அரசாங்கம் இந்திய உடம்புகளை அளக்க ஒரு திட்டத்தை அறிவித்தது. 15 வயது முதல் 65 வயது வரையில் 25,000 பேரைக் கருவியின் முன் நிறுத்தி அளப்பது என்று ஏற்பாடு. அதற்காகப் பொறுக்கப்பட்ட ஊர்கள் ஆறு: கல்கத்தா, பம்பாய், டில்லி, ஐதராபாத், பெங்களூர், ஷில்லாங். நாம் இந்த வேலையைக் குறை சொல்லவில்லை, அளப்பது நல்லது. ஆனால் அந்த ஆறில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுமில்லை. ஏலச்செடியின் அடியில் நாள் முழுவதும் குனிந்து கிடக்கும் பெண்ணின் முதுகு எந்தப் பட்டணத்துக் கருவிக்கு முன் வந்து நிற்கப் போகிறது?

மலைக்கு அந்தப் புறம்

உடையின் வெட்டு வெறும் சௌகரிய விஷயம்தானே, இதில் ஜாதி எங்கே வந்தது என்று சிலர் கேட்கலாம். இந்த மலைக்கு அந்தப் புறம் ஒரு காலத்தில் திருவிதாங்கூர் ராஜ்யம். அங்கே நாடார் பெண்கள் மேல் துணி போடக் கூடாது என்று வைத்திருந்தார்கள். கிறிஸ்தவரான பெண்கள் மாரை மூடப் போனபோது கலகம் நடந்தது, துணியைக் கிழித்தார்கள். 1829இல் வந்த பிரகடனம் என்ன சொல்லிற்று? கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்னும் சட்டை போட்டுக் கொள்ளலாம், ஆனால் மேல் ஜாதிப் பெண்களைப் போல் மேல் துணி போடக் கூடாது என்றது. மறுபடியும் கலகம் நடந்து, 1859இல் வந்த பிரகடனம் எல்லா நாடார் பெண்களும் மாரை மூடலாம் என்று ஒப்புக் கொண்டது. அப்போதும் என்ன நிபந்தனை? சட்டை போடு, அல்லது மீனவப் பெண்களைப் போல் முரட்டுத் துணியைச் சுற்றிக் கொள். மேல் ஜாதிப் பெண்கள் மாதிரி மாத்திரம் உடுத்தாதே என்பதுதான்.

இதைக் கவனியுங்கள், தோழர்களே! ஒரு மகாராஜா உட்கார்ந்து பெண்கள் சட்டைக்குப் பேட்டர்ன் போட்டிருக்கிறான். எந்த ஜாதிக்கு எந்த வெட்டு என்று ராஜாங்க முத்திரை வைத்து வரைந்திருக்கிறான். உடம்பை அளந்தா வரைந்தான்? ஜாதியை அளந்து வரைந்தான். ஆகவே வெட்டு யார் கையில் இருக்கிறது என்பது சாமானிய விஷயமல்ல.

ஏலத்தோட்டச் சட்டை

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறோம். விடியற்காலையில் போடியிலிருந்து ஜீப்பில் நெருக்கிப் பிடித்து ஏறி போடிமெட்டு வழியாக மேலே ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்களை நாம் பார்த்திருக்கிறோம். இந்தச் சரிவுகளில் காப்பியும் மிளகும் எடுக்கிறவர்களையும் பார்க்கிறோம். எல்லோரும் சேலைக்கு மேல் ஒரு ஆண் பிள்ளைச் சட்டை போட்டிருக்கிறீர்கள். பெரியார் அன்று பெண்களும் ஆண்களைப் போல் சட்டையும் லுங்கியும் அணியலாம் என்று சொன்னபோது, அது நடக்கிற காரியமா என்றார்கள். இன்று மலையெங்கும் பெண்கள் சட்டை போடுகிறார்கள். யாருடைய பிரசாரத்தாலும் அல்ல. பனியாலும் அட்டையாலும் முள்ளாலும் மருந்துத் தெளிப்பாலும். அவசியம் வந்தால் ஆசாரம் ஓடிப் போகும் என்பதற்கு இதுவே சாட்சி.

ஆனால் அது யாருடைய சட்டை? புருஷன் போட்டுக் கிழித்தது, மகன் போட்டு அலுத்தது. ஆணுக்கு அளந்த தோள் உங்களுக்கு அகலமாதலால் கை பொருத்து தோளை விட்டு இறங்கிப் புஜத்தில் கிடக்கிறது. கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் கூடவே ஏறுகிறது. மார்பில் பொத்தான் இழுக்கிறது. கீழே இடுப்பில், கொசுவத்தின் மேல், நேராக வெட்டிய சட்டை பிடிக்கிறது. குனிந்தால் முதுகு வெளியே தெரிகிறது. அட்டைக்கு அதுவே வாசல். பை ஒன்று இடது மார்பில் இருக்கிறது. ஏலச்செடி காய்ப்பதோ மண்ணோடு மண்ணாக அடியில். குனிந்தவுடனே பையிலிருக்கிற போனும் பீடியும் காசும் செடிக்கடியில். பீடி ஆண்களுக்கு, போனும் காசும் உங்களுக்கு என்று வைத்துக் கொள்ளுங்கள்.

நீங்கள் பறிக்கிற காயை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். 7க்கும் 8க்கும் விலை வித்தியாசம் போட்டு போடியில் ஏலம் விடுகிறார்கள். காய்க்கு அளவு இருக்கிறது. காய் பறிக்கிற பெண்ணுக்கு அளவு இல்லை. இதை விடச் சுருக்கமாக இந்த அக்கிரமத்தைச் சொல்ல நமக்குத் தெரியவில்லை.

சரி, அந்தச் சட்டை எப்படி இருக்க வேண்டும்? நாம் சொல்லுவதை அப்படியே எடுத்துக் கொள்ள வேண்டாம்; காடாவில் வெட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

முதலாவது முதுகு. நேராக நிற்கையில் கழுத்தெலும்பிலிருந்து இடுப்பு வரைக்கும் நாடாவை வைத்துப் பாருங்கள். பிறகு காய் பறிக்கிற மாதிரி குனிந்து மறுபடியும் வைத்துப் பாருங்கள். நாடா சில அங்குலம் கூடுதலாகக் கேட்கும். இதுவரை உங்களுக்குத் தைத்தவர்கள் எல்லோரும் நிற்கிற பெண்ணுக்கே தைத்திருக்கிறார்கள். நீங்கள் தோட்டத்தில் நிற்பதில்லை. ஆகவே பின் நீளத்தை முன்னைக் காட்டிலும் கூட வைத்து, முதுகில் ஒரு மடிப்பும் விட வேண்டும்.

இரண்டாவது கைக்குழி. குழியை இறக்கிப் பெரிதாக வெட்டினால் கை தாராளமாகத் தூக்கலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நாமும் வெகு காலம் நினைத்தோம். அது தப்பு. குழி எவ்வளவுக்கெவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவுக்கவ்வளவு கை தூக்கும்போது சட்டையின் உடல் பாகம் கூடவே இழுபடும். குழி கக்கத்துக்கு ஓரளவு நெருங்கி இருந்தால்தான் கை தனியே எழும். அல்லது பழைய ஜிப்பாக்களில் வைப்பது போல் கக்கத்தில் ஒரு சதுரத் துண்டு சேர்த்துத் தைக்கலாம். இதை வாதம் செய்து தீர்க்க வேண்டாம். இடது பக்கம் ஒரு விதம், வலது பக்கம் ஒரு விதம் வெட்டி ஒரே சட்டையாகத் தைத்துப் போட்டு, இரண்டு கையையும் தூக்கிப் பாருங்கள். உங்கள் தோளே தீர்ப்புச் சொல்லும்.

மூன்றாவது இடுப்பும் பையும். பக்கவாட்டில் இரண்டு புறமும் கீழே திறப்பு விட்டால் கொசுவத்தின் மேல் பிடிக்காது. பையை மார்பிலிருந்து எடுத்துத் தொடைப் பக்கம் வைத்து மேலே ஒரு மூடி போட்டுப் பொத்தான் வையுங்கள். பெண்கள் உடைக்குப் பை வைக்காமல் வெட்டுகிற வழக்கம் யார் செய்தது? காசு ஆணிடம் இருக்கும், பெண்ணுக்குப் பை எதற்கு என்று நினைத்தவர்கள் செய்தது. உழைத்த கூலியைச் சுருக்குப் பையில் கட்டி ரவிக்கைக்குள் ஒளித்து வைக்கிற அவசியம் உங்களுக்கு வேண்டியதில்லை.

ஒன்று மாத்திரம் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். எந்த வெட்டும் பூச்சி மருந்துக்குக் கவசமாகாது. பருத்திச் சட்டை அந்த மருந்தை உறிஞ்சிக் கொண்டு உடம்பிலேயே வைத்திருக்கும். தெளித்த தோட்டத்தில் நனைந்த சட்டையை உடனே கழற்றித் தனியாகத் துவைக்க வேண்டும். தெளிக்கிறவர்களுக்குக் கையுறையும் முகமூடியும் கொடுப்பது முதலாளி பொறுப்பு. நல்ல சட்டை கிடைத்து விட்டதென்று அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டு விடாதீர்கள்.

வரைகிறவனும் தைக்கிறவளும்

இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் திருப்பூருக்குப் போகிறார்கள். அங்கே என்ன வேலை என்றால், மிஷினில் கை பொருத்துவது, பிசிறு வெட்டுவது, சரி பார்ப்பது. மாதிரி வரைகிற மேஜையில், இப்போது அது கம்ப்யூட்டராகி விட்டது, பெரும்பாலும் ஆண்கள். அந்த ஆண்களுக்கும் மேலே, எது மாதிரி என்று சீமையிலிருந்து உத்தரவு எழுதி அனுப்புகிற வியாபாரி. மூளை வேலை ஒருவனுக்கு, கை வேலை ஒருத்திக்கு என்று பிரித்து, மூளை வேலை என்று பெயர் வைத்ததற்குக் கூலியையும் மரியாதையையும் கூட்டிக் கொடுக்கிறார்கள். வருணாசிரமத்தின் வாடை இதில் வீசவில்லையா? நாளெல்லாம் மிஷினில் உட்கார்ந்து கை பொருத்துகிற பெண்ணுக்கு அந்தக் கைக்குழி ஏன் பிடிக்கிறது என்பது வரைந்தவனை விட நன்றாகத் தெரியும். ஆனால் அவளை யாரும் கேட்பதில்லை.

ஆகவே தையல் பழகும் சகோதரிகளே! மிஷின் மிதிக்க மாத்திரம் கற்றுக் கொண்டு நின்று விடாதீர்கள். ரவிக்கை தைத்தால் கூலி வரும். வரையக் கற்றுக் கொண்டால் உங்களுக்கு எது வேண்டுமென்று நீங்களே தீர்மானிக்கலாம். வகுப்பு நடத்துகிறவர்களையும் கேட்டுக் கொள்ளுகிறோம், முதல் நாளே நாடாவையும் தாளையும் கொடுங்கள். கத்தரியைப் பெண்கள் கையில் கொடுக்கப் பயப்படாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

அதிகச் செலவில்லை. பழைய செய்தித் தாளும் சில கஜம் காடாவும் போதும். இந்தக் கூட்டத்திலேயே ஒல்லி, பருமன், குட்டை, நெட்டை, வயதானவர் என்று ஐந்து பெண்களைத் தெரிந்தெடுங்கள். நின்றும் குனிந்தும் குத்த வைத்தும் அளவெடுங்கள். தாளில் வரைந்து காடாவில் தைத்து, ஒரு எடுப்பு முழுவதும் அவர்கள் தோட்டத்தில் போட்டு உழைக்கட்டும். எங்கே பிடித்தது, எங்கே கிழிந்தது, அட்டை எங்கே ஏறிற்று என்று கேட்டு எழுதுங்கள். தாளைத் திருத்துங்கள். மறுபடியும் தையுங்கள். மூன்றாம் முறையோ நான்காம் முறையோ சரியாக வரும். முதல் முறையே சரியாக வந்து விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வந்த தாளைப் பூட்டி வைக்காதீர்கள். சுவரில் தொங்க விடுங்கள். வேண்டியவர்கள் வேண்டிய அளவில் எடுத்துக் கொள்ளட்டும். அதற்கு மஞ்சள் குங்குமம் வைக்காதீர்கள். "எங்கள் அம்மா காலத்து வெட்டு" என்று உங்கள் பெண்கள் அதைக் கும்பிட விடாதீர்கள். பத்து வருஷம் கழித்து அவர்கள் உடம்பு வேறு, வேலை வேறு. அப்போது அவர்கள் நாடாவை எடுத்து உங்கள் தாளையும் கிழித்துப் போட்டுப் புதிதாக வரைவார்களானால், அன்றைக்குத்தான் நீங்கள் அவர்களுக்குச் சரியாகக் கற்றுக் கொடுத்தீர்கள் என்று அர்த்தம். நாம் இன்று சொன்னதற்கும் அதே விதிதான். அளந்து பாருங்கள், பொருந்தினால் வைத்துக் கொள்ளுங்கள், பொருந்தாவிட்டால் தள்ளி விடுங்கள்.